மேக்கப்புக்கு முன்னால் இருபது வருடம்: போரிஸ் கார்லாஃப்

ஹாலிவுட் நடிகர் போரிஸ் கார்லாஃப் பற்றிக் கேட்டிருந்தது மூன்று விஷயங்கள். அவர் 1931-இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் என்ற ஒரே திகில் படத்தின் அதிர்ஷ்டத்தில் வாழ்நாள் முழுக்க ஓட்டியவர்தானே? முகமே தெரியாத அளவுக்கு மேக்கப் போட்டுக்கொண்டு உறுமுவதில் நடிப்பு என்ன இருக்கிறது? அவருக்கு இந்திய ரத்தம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டும் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

உண்மைதான். அவருடைய நிஜப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23 அன்று லண்டனில் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தார். அப்பா எட்வர்ட் ஜான் பிராட், பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வரித் துறையில் அதிகாரி. பின்னாளில் காந்தி தண்டிக்கு நடந்தாரே, அதே உப்பு வரிதான். அம்மா எலிசா சாரா மில்லார்ட் இந்தியாவில் பிறந்தவர்; இவர்கள் கல்யாணம் 1864-இல் சூரத்தில் நடந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டி எலிசா ஜூலியா எட்வர்ட்ஸ். இந்தப் பாட்டியோடு கூடப் பிறந்தவர் யார் என்றால், அன்னா லியோனோவென்ஸ். 1860-களில் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பிற்பாடு பிராட்வே இசை நாடகத்துக்கும் ஹாலிவுட் படத்துக்கும் கதையாகிப்போன அதே டீச்சர்.

அன்னா தன்னை வேல்ஸ் நாட்டில் பிறந்தவர் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். பிறந்தது என்னவோ மகாராஷ்டிரத்து அகமதுநகரில், 1831-இல். அவர் அம்மா வழியில் ஓர் இந்தியப் பெண் இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தவர்களின் முடிவு. அந்தக் காலத்து ஆங்கிலேயச் சமூகத்தில் இது வெளியே தெரிந்தால் கல்யாணம், வேலை, மரியாதை எல்லாமே சிக்கல். அதனால் பாட்டியின் சகோதரி வேல்ஸ்காரி ஆனார். இரண்டு தலைமுறை கழித்து, மாநிறத்தில் குழிந்த கண்களோடு பிறந்த பேரன் ரஷ்யப் பெயர் வைத்துக்கொண்டார். கார்லாஃப் என்பது அம்மா வழியில் வந்த பெயர், போரிஸ் என்பது சும்மா காற்றில் பிடித்தது என்று அவர் பேட்டிகளில் சொல்வார். அவருடைய மகள் சாரா பின்னாளில், குடும்பத்தில் அப்படியொரு பெயரே கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆக, யூனிவர்சல் ஸ்டுடியோவின் மேக்கப்காரர் அவர் முகத்தைத் தொடுவதற்கு இருபது வருடம் முன்பே அவர் ஒரு வேடம் போட்டாகிவிட்டது.

சரி, இப்போது முதல் கேள்வி. ஒரு படத்து அதிர்ஷ்டமா?

ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, மூத்தவர்கள்தான் வளர்த்தார்கள். அண்ணன்கள் எல்லாம் அரசு உத்தியோகம். அவர்களில் ஜான், சீனாவில் தூதரகப் பணி பார்த்துப் பின்னர் 'சர்' பட்டமும் வாங்கினார். கடைக்குட்டியும் அந்த வழியில் போவான் என்று எதிர்பார்த்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். அவருக்கோ ஒன்பது வயதில் ஊர்ச் சிறுவர் நாடகம் ஒன்றில் பூத ராஜாவாக நின்றதிலிருந்து மேடைப் பித்து. சிறு வயதில் திக்குவாய். 'ஸ' உச்சரிப்பில் ஒரு மழலை. திக்கலைப் பெரும்பாடுபட்டு அடக்கினார். அந்த மழலை மட்டும் கடைசி வரை போகவில்லை. அவர் குரலை ஒருமுறை கேட்டால் மறக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

1909-இல் கையில் கொஞ்சம் காசோடு கனடாவுக்குக் கப்பல் ஏறினார். பண்ணைக் கூலி, பள்ளம் தோண்டும் வேலை, மரம், மண், சிமெண்ட் என்று எது கிடைத்ததோ அது. 1911-வாக்கில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் ஊரில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அனுபவம் உண்டு என்று புளுகித்தான் சேர்ந்தார். முதல் நாள் திரை ஏறும்போது எனக்கு வாரச் சம்பளம் முப்பது டாலர், திரை இறங்கும்போது பதினைந்து டாலர் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். குழு ஊர் ஊராகச் சுற்றியது. 1912 ஜூன் 30 அன்று ரெஜைனா நகரைப் பெரும் சூறாவளி சூறையாடியபோது அந்தக் குழு அங்கேதான் இருந்தது. நடிக்க வந்தவர் இடிபாடுகளை அள்ளும் கூலி ஆனார். இப்படி ஊர் சுற்றிய காலத்தில் கிழவர், கொள்ளைக்காரர், கர்னல், பாதிரியார் என்று வாரத்துக்கு ஒரு புது வேடம். ஒரு குணச்சித்திர நடிகருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் எண்ணம். வசனம் மறந்தாலும் உடம்பை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

பிறகு லாஸ் ஏஞ்சலஸ். 1919-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாகத் தலைகாட்டினார். அடுத்த பத்து வருடம் மௌனப் படங்களில் அவருக்குக் கிடைத்த வேடங்களின் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கப் பழங்குடி வீரர், பிரெஞ்சு-கனடியக் காட்டுவாசி, பாரசீக இமாம், மெக்சிகன் கொள்ளைக்காரர், 1927-இல் வந்த ஒரு டார்ஜான் படத்தில் ஆப்பிரிக்கக் கூட்டத் தலைவர். மாநிறமும் எலும்பு தெரியும் கன்னமும் இருந்தால் ஹாலிவுட்டுக்கு நீங்கள் எந்த ஊர்க்காரராகவும் ஆகலாம், வெள்ளைக்காரக் கதாநாயகனைத் தவிர. தன் நிறத்தை வெளியே பெரிதாகப் பேசிக்கொள்ளாத மனிதர், அந்த நிறத்தை வைத்தே சோறு சாப்பிட்டார். இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

சோறு எல்லா நாளும் கிடைத்ததா என்றால், இல்லை. நடுவில் படமே இல்லாமல் கட்டுமானப் பொருள் ஏற்றும் லாரி ஓட்டினார். அந்தச் சமயத்தில்தான் 'ஆயிரம் முக மனிதர்' என்று பெயரெடுத்த லான் சேனி அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனதாகவும், மற்றவர்களால் முடியாத, மற்றவர்கள் செய்ய விரும்பாத ஒன்றைக் கண்டுபிடித்துச் செய், அதுதான் உன்னை நிற்க வைக்கும் என்று சொன்னதாகவும் கார்லாஃப் பல முறை சொல்லியிருக்கிறார். 1926-இல் லயனல் பேரிமோர் நடித்த ஒரு படத்தில் சந்தையில் வித்தை காட்டும் மனோவசியக்காரராக வருகிறார்: உருண்டைக் கண்ணாடி, உயரத் தொப்பி, வழுக்கலான ஒரு சிரிப்பு. ஐந்து வருடம் கழித்து வரப்போகிறவருக்கு அது ஒரு முன்னோட்டம் மாதிரி இருக்கும்.

கதவு திறந்தது 1930-இல், அதுவும் மேடை வழியாக. தி கிரிமினல் கோட் என்ற சிறை நாடகத்தில், காட்டிக்கொடுத்தவனைத் தீர்த்துக்கட்டும் கைதி கேலவே வேடம். ஹோவர்ட் ஹாக்ஸ் அதைப் படமாக எடுத்தபோது, அதே வேடத்துக்கு அவரையே கூப்பிட்டார். அதில் கார்லாஃப் முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக நடந்துபோவதைப் பாருங்கள். கத்தல் இல்லை, கண்ணை உருட்டுவது இல்லை. அந்த நடையிலேயே ஒரு ஆள் செத்துவிட்டான் என்பது தெரிந்துவிடும். அதே ஹாக்ஸின் ஸ்கார்ஃபேஸ் படத்திலும் உண்டு. பௌலிங் விளையாட்டுக் கூடத்தில் சுட்டுக் கொல்லப்படும் ரவுடிக் கும்பல் தலைவர் அவர்தான். அவர் விழுந்த பிறகு, அவர் வீசிய பந்து கடைசிக் கட்டையையும் சாய்க்கும்.

ஆகவே ஜேம்ஸ் வேல் என்ற ஆங்கிலேய இயக்குநர் யூனிவர்சல் ஸ்டுடியோ கேன்டீனில் அவரைப் பார்த்துத் தன் மேஜைக்குக் கூப்பிட்டபோது, வந்து உட்கார்ந்தது எங்கிருந்தோ அதிர்ஷ்டம் அடித்த ஆள் இல்லை. வயது 43. ஏறக்குறைய எண்பது படம் நடித்து முடித்தவர். அன்றைக்கு நல்ல கோட்டு சூட்டு போட்டு, பார்க்கும்படியாக வேறு இருந்தாராம். உங்களை ஒரு அரக்கனாகப் பார்க்க ஆசை என்று வேல் சொன்னதும் மனதுக்குள் கொஞ்சம் வலித்தது என்று கார்லாஃப் சொல்வார். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து உயிர் கொடுக்கும் உருவம்தான் அந்த அரக்கன். அந்த வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர், டிராகுலாவாக நடித்துப் புகழின் உச்சியில் இருந்த பெலா லுகோசி. முகத்தை மறைக்கும் மேக்கப், வசனம் கிடையாது என்றால் அவருக்கு அது எப்படி ருசிக்கும்?

இனி இரண்டாவது கேள்வி. மேக்கப்பில் நடிப்பு எங்கே?

மேக்கப் போட்டவர் ஜாக் பியர்ஸ். மண்டை ஏன் தட்டையாக இருக்கிறது தெரியுமா? மூளையை மாற்றி வைக்கும் வைத்தியர் மண்டையைப் பானை மூடி மாதிரி நேராக வெட்டித் திறந்து, வைத்து, மூடியிருப்பார் என்பது பியர்ஸின் கணக்கு. கழுத்தில் இருப்பவை ஆணி இல்லை, மின்சாரம் பாய்ச்சும் முனைகள். பஞ்சையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டி நெற்றியைக் கட்டினார். தினமும் சுமார் நான்கு மணி நேரம். முகத்தில் பூசிய பச்சை கலந்த சாம்பல் நிறம் கறுப்பு வெள்ளையில் பிணத்தின் வெளுப்பாகத் தெரிந்தது. சட்டைக் கையைக் குட்டையாக்கியதால் கைகள் நீண்டு தொங்கின. காலில் தார்ச்சாலை போடுபவர்களின் கனத்த பூட்ஸ்.

இதெல்லாம் பியர்ஸின் வேலை. கார்லாஃப் தன் பங்காகச் சேர்த்தவை இரண்டு. அவருக்கு ஒரு பக்கம் கழற்றி மாட்டும் பல் செட் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நடித்தார். ஒரு கன்னம் உள்ளே குழிந்தது. அடுத்து, கண்கள் ரொம்பவும் விழிப்பாக, எல்லாம் புரிந்தது மாதிரி இருக்கின்றன என்று அவருக்கே பட்டது. இமைகளில் மெழுகு வைத்துக் கனமாக்கச் சொன்னார். அந்த அரைக்கண் பார்வை அப்படி வந்ததுதான். பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு உயிருக்கு எவ்வளவு புரியும் என்று யோசித்த ஒரு நடிகரின் யோசனை அது. இதை நடிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அந்த ஜீவன் முதன்முதலில் திரையில் வரும் காட்சியைக் கவனியுங்கள். கதவு வழியாகப் பின்பக்கமாக நகர்ந்து வருகிறது. மெல்லத் திரும்புகிறது. வேல் மூன்று வெட்டுகளில் கேமராவை நெருக்கிக்கொண்டே முகத்துக்குக் கொண்டுபோகிறார். முகம் ஒன்றுமே செய்வதில்லை. அடுத்து, கூரைக் கதவைத் திறந்ததும் மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. அது அண்ணாந்து பார்த்து, எழுந்து, இரண்டு கையையும் மேலே நீட்டுகிறது. வெளிச்சத்தைப் பிடித்துப் பார்க்க முடியுமா என்று ஒரு குழந்தை கையை நீட்டுமே, அப்படி. கூரைக் கதவை மூடிவிடுகிறார்கள். உட்கார வைக்கிறார்கள். இப்போது அந்தக் கைகள் மடியின் பக்கமாக வந்து, உள்ளங்கை மேலே தெரிய, எஜமானைப் பார்த்துக் கேட்கின்றன. வெறும் கைகள்தான். ஒரு வார்த்தை இல்லை. பேசும் படம் வந்து நாலு வருடத்தில் மௌனப் பட நடிகர்களின் வித்தையெல்லாம் பழைய சரக்கு என்று ஒதுக்கப்பட்ட நேரம் அது. அந்த நேரத்தில் பேசும் படத்துக்குள்ளே வசனமே இல்லாத ஒரு வேடம் வந்து நின்றபோது, பத்து வருடம் மௌனத்திலேயே பிழைத்த ஒருவர் கையில் அது விழுந்தது. அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஆனால் அதிர்ஷ்டப்பட்டவர் அவரா, படமா?

ஏரிக்கரைக் காட்சியும் அப்படி. சின்னப் பெண் மரியா பயப்படாமல் அவனுக்குப் பூ கொடுக்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் வீசி, மிதப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பூக்கள் தீர்ந்துபோகின்றன. பூ மாதிரி அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறான். படப்பிடிப்பின்போதே கார்லாஃபுக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கிப் போடக்கூடாது என்று வாதாடினார். இயக்குநர் கேட்கவில்லை. பிற்பாடு தணிக்கையில் அந்தக் கடைசித் துண்டை வெட்டினார்கள். அதனால் விபரீதம்தான் கூடியது. அவன் கையை நீட்டுவதோடு காட்சி நின்று, அடுத்ததாகத் தகப்பன் குழந்தையின் உடலைச் சுமந்து வந்தால், பார்ப்பவன் எதை எதையோ கற்பனை செய்துகொள்ளமாட்டானா? வெட்டியது 1980-களில்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது. அதில்தான் தெரியும், அவள் மூழ்கியதும் அவன் பதறித் தடுமாறி ஓடுவது.

அந்தப் படத்தின் தொடக்க டைட்டில் கார்டில் அரக்கன் வேடத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. ஆர்வத்தைக் கிளப்பும் தந்திரம். முதல் சிறப்புக் காட்சிக்கு அவரைக் கூப்பிடவும் இல்லை. அடுத்த வருடமே போஸ்டரில் 'கார்லாஃப்' என்று குடும்பப் பெயரை மட்டும் போட்டால் போதும் என்ற நிலைக்கு வந்தார். போஸ்டரில் போட்டது ஒரு பொய்ப் பெயர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1932-இல் தி மம்மி. படத்தின் ஆரம்பத்தில் சில நிமிடமே வரும் அந்தக் கட்டுப் போட்ட உருவத்துக்கு மேக்கப் எட்டு மணி நேரம். உடம்பு முழுக்கத் துணி சுற்றி முடித்ததும், எல்லாம் பிரமாதம் பியர்ஸ், ஆனால் ஒன்றுக்குப் போவதற்கு வழி வைக்க மறந்துவிட்டீர்களே என்று கார்லாஃப் சொன்னதாக ஒரு கதை உண்டு. மீதிப் படம் முழுக்க அவர் காய்ந்த முகத்தோடு நிமிர்ந்து நிற்கும் எகிப்தியராக வருகிறார். யாரும் தன்னைத் தொடுவதைக்கூட விரும்பாத ஒரு பழங்காலத்து மரியாதை அந்த நிற்பில் இருக்கும்.

இந்த வேடங்களுக்கு அவர் உடம்பு கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். ஃபிராங்கன்ஸ்டைன் கடைசியில் கதாநாயகனைத் தோளில் சுமந்துகொண்டு காற்றாலைக்கு மலையேறும் காட்சி. அதைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். முதுகு போனது. பிற்பாடு அறுவை சிகிச்சைகள், கடைசிக் காலத்தில் காலில் இரும்புப் பட்டை, சக்கர நாற்காலி. நள்ளிரவு தாண்டியும் ஷூட்டிங், ஓய்வே இல்லாத வேலை நேரம், இதெல்லாம் சேர்ந்து அவரை வேறொரு வேலையில் இறக்கிவிட்டது. 1933-இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் தொடங்கப்பட்டபோது தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். உறுப்பினர் எண் 9. ஸ்டுடியோக்கள் சங்கம் என்ற சொல்லையே வெறுத்த நேரம். அப்போதுதான் பெயர் வந்த, பெயர் போனால் மறுபடி லாரி ஓட்டவேண்டிய நிலையில் இருந்த ஒருவர் அதில் கையெழுத்துப் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பல வருடம் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். அவர் படங்களைவிட இதைத்தான் நான் ஒரு படி மேலே வைப்பேன்.

அதே 1933-இல் ஒரு படத்துக்காக இங்கிலாந்து போனார். ஊரை விட்டு ஓடி கிட்டத்தட்ட இருபத்துநாலு வருடம் கழித்து. பேய்ப் படத்தில் பிழைக்கும் தம்பியை உத்தியோகஸ்த அண்ணன்கள் எப்படிப் பார்ப்பார்களோ என்று பயந்துகொண்டே போனார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்தபோது, யார் எங்கே நிற்பது என்று அந்தப் பெரிய மனிதர்கள் முண்டிக்கொண்டதைப் பார்த்ததும் பயம் போய்விட்டதாம்.

ஹாலிவுட்டில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்கென ஒரு கிரிக்கெட் கிளப் வைத்திருந்தார்கள். ஆரம்பித்தவர் ஆப்ரி ஸ்மித், இங்கிலாந்து டெஸ்ட் அணிக்கே ஒருமுறை கேப்டனாக இருந்தவர், பிறகு நடிகர். கார்லாஃப் அங்கே வாடிக்கை. ஊரையே மிரட்டிய அரக்கன் வெள்ளை பேன்ட் போட்டு மைதானத்தில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

1935-இல் ஃபிராங்கன்ஸ்டைனுக்கு இரண்டாம் பாகம். இதில் அரக்கன் பேசுவான் என்றதும் கார்லாஃப் மறுத்தார். பேசினால் அவனுடைய வசீகரம் போய்விடும் என்பது அவர் கட்சி. இதில் நான் அவர் பக்கம் இல்லை. குருட்டுத் துறவியின் குடிசையில் ரொட்டி, ஒயின், நண்பன் என்று அவன் ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொள்ளும் இடம் அந்தப் படத்தின் உயிர். தான் நம்பாத ஒன்றை இவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதுதான் தொழில்காரன் லட்சணம்.

1936 வாக்கில் திகில் பட மோகம் அடங்கிப்போனது. மோனோகிராம் என்ற சின்னக் கம்பெனிக்கு மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளராக ஐந்து படம் நடித்தார். மறுபடியும் இன்னொரு ஊர்க்காரர் வேடம்தான். 1938-இல் லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டர் ஒன்று டிராகுலாவையும் ஃபிராங்கன்ஸ்டைனையும் சேர்த்துப் பழைய படங்களாக ஓட்டப்போய்க் கூட்டம் அலைமோதியது. யூனிவர்சல் அவசரமாக மூன்றாம் பாகம் எடுத்தது. 1939-இல் வந்த அதில் நடித்துவிட்டு, இதோடு போதும் என்று அந்த வேடத்தை விட்டார். அரக்கன் இனிமேல் கேலிப்பொருள் ஆகிவிடுவான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படித்தான் ஆனான். பிற்பாடு வந்த ஒரு படத்தில் கார்லாஃப் வைத்தியராக நடிக்க, வேறொருவர் அந்தப் பூட்ஸைப் போட்டார்.

1941 ஜனவரியில் பிராட்வேயில் ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ் என்ற நகைச்சுவை நாடகம். கொலைகார அண்ணன் ஜொனாதன் வேடம். பிளாஸ்டிக் சர்ஜரி கெட்டுப்போய் முகம் மாறிய அவனைப் பார்த்து, நீ போரிஸ் கார்லாஃப் மாதிரி இருக்கிறாய் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த வசனத்தைக் கேட்டுக் கொதிக்கும் ஆளாக கார்லாஃபே நின்றால் அரங்கு என்ன ஆகும்! நாடகத்தில் அவர் பணமும் போட்டிருந்தார், லாபமும் பார்த்தார். அதே கதை படமானபோது அவரை மேடையிலிருந்து விடமுடியாததால் ரேமண்ட் மாஸ்ஸி அந்த வேடத்தைச் செய்தார். படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு ஜோக்கில் காற்று போய்விடும்.

அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு எது என்று என்னைக் கேட்டால் ஃபிராங்கன்ஸ்டைனைச் சொல்லமாட்டேன். 1945-இல் வந்த தி பாடி ஸ்நாட்சர் படத்தைச் சொல்வேன். ஆர்.கே.ஓ. கம்பெனியில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர் குறைந்த செலவில், அரக்கன்களே இல்லாமல் பயமுறுத்தும் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். இயக்கம் ராபர்ட் வைஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு எடின்பரோ; மருத்துவக் கல்லூரிக்குப் பிணம் கொண்டுவந்து விற்கும் வண்டிக்காரர் கிரே. ஒட்டுமுகம் இல்லை, தட்டை மண்டை இல்லை, வெறும் மனித முகம். குழந்தையிடம் குதிரையைக் காட்டிப் பிரியமாகப் பேசுவார். டாக்டரிடம் அதே பிரியத்தோடு பேசுவார். அங்கே அது மிரட்டல். நீ எவ்வளவு உயரம் போனாலும் என்னை விட்டுப் போகமுடியாது என்பதை ஒரு ஏழை சிரித்துக்கொண்டே பணக்காரனிடம் சொன்னால் எப்படி இருக்கும், அது. இதே படத்தில் லுகோசி ஒரு சின்ன வேலைக்காரர் வேடத்தில் வருகிறார். இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படம் இதுதான். ஒரு காலத்தில் போட்டியாளர்களாக நின்ற இருவரில் ஒருவர் எங்கே போனார், இன்னொருவர் எங்கே போனார் என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரியும். லூட்டன்தான் தன்னை நடைப்பிணங்களிடமிருந்து மீட்டார் என்ற பொருளில் கார்லாஃப் அப்போதே பேட்டி கொடுத்தார்.

அதற்குப் பிறகு மேடை, வானொலி, டிவி. 1950-இல் பீட்டர் பான் நாடகத்தில் கேப்டன் ஹூக். 1955-இல் ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய தி லார்க் நாடகத்தில், ஜூலி ஹாரிஸ் ஜோனாக நடிக்க, அவளை விசாரிக்கும் பிஷப் கோஷோன் வேடம். அதற்கு நாடகத்துக்கான டோனி விருதுப் பரிந்துரை வந்தது. 1960-களில் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கோர்மனின் சிக்கனப் படங்கள். அவற்றில் பாதியை மறந்துவிடலாம். 1966-இல் கிறிஸ்துமஸைத் திருடும் கிரிஞ்ச் கார்ட்டூனுக்குக் கதைசொல்லியாகவும் கிரிஞ்சாகவும் குரல் கொடுத்தார்; அந்த ஒலித்தட்டுக்குக் கிராமி விருது. அமெரிக்காவில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் அவர் முகம் தெரியாமலே அவர் குரலைக் கேட்டு வளர்ந்தார்கள். அரக்கனுக்குக் குரல் இல்லை, கிரிஞ்சுக்கு முகம் அவருடையது இல்லை.

முத்திரை குத்தப்பட்டதில் அவருக்கு வருத்தம் உண்டா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அரக்கனைத் தன் நெருங்கிய நண்பன் என்றே சொல்வார். இருபது வருடம் அடுத்த வேளைக்கு வேலை தேடியவருக்கு முத்திரை என்பது நிலையான சம்பளம். லுகோசி அதே முத்திரையோடு கடைசி வரை மல்லுக்கட்டினார்.

கடைசியாக டார்கெட்ஸ், 1968. கோர்மனுக்கு கார்லாஃப் இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி. பீட்டர் போக்டனோவிச் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, இந்த இரண்டு நாளை வைத்து ஒரு படம் பண்ணு என்றார் கோர்மன். போக்டனோவிச் எழுதியது, ஓய்வு பெற நினைக்கும் ஒரு பழைய திகில் பட நடிகரின் கதை: பெயர் ஆர்லாக். செய்தித்தாளில் வரும் நிஜக் கொலைகளுக்கு முன்னால் என் பெயிண்ட் அடித்த பேய்க்கு யார் பயப்படுவார்கள் என்பது அவர் கேள்வி. அதே நேரம் ஊரின் இன்னொரு மூலையில் ஒரு சாதாரண இளைஞன் துப்பாக்கி வாங்குகிறான். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி ஒருவன் கண்டவரையெல்லாம் சுட்டது 1966-இல்தான் நடந்திருந்தது. எழுத்தைப் படித்த கார்லாஃப், இரண்டு நாள் தாண்டியும் வந்து நடித்தார்.

அதில் ஒரு காட்சி. ஆர்லாக் ஒரு பழைய கதை சொல்லிப் பார்க்கிறார்: பாக்தாத் சந்தையில் மரணத்தைப் பார்த்துப் பயந்த வேலைக்காரன், தப்பிக்க சமாராவுக்கு ஓடுகிறான், மரணமோ, இன்று ராத்திரி இவனை சமாராவில் அல்லவா சந்திக்கவேண்டும், இங்கே என்ன செய்கிறான் என்று ஆச்சரியப்படுகிறது. எண்பது வயது, மூச்சு விடவே சிரமம், உட்கார்ந்தபடி. கேமரா மெல்ல மெல்ல அவர் முகத்தை நோக்கி நகர்கிறது. வெட்டே இல்லாமல் ஒரே டேக்கில் முடித்தார். செட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

1969 பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்தில் மிட்ஹர்ஸ்ட் ஊர் மருத்துவமனையில் காலமானார், 81 வயது. 1997-இல் அமெரிக்கத் தபால் துறை திகில் பட நாயகர்களுக்கு ஐந்து தபால்தலை வெளியிட்டது. அரக்கன், மம்மி என்று அதில் இரண்டு அவருடையது.

பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் என் வரிசை இது: முதலில் தி பாடி ஸ்நாட்சர், அவர் முகத்தைத் தெரிந்துகொள்ள. அடுத்து டார்கெட்ஸ். அதன் பிறகு ஃபிராங்கன்ஸ்டைன், ஏரிக்கரைக் காட்சி முழுதாக இருக்கும் பிரதியாகப் பார்த்து எடுங்கள். அந்த மேக்கப்புக்குள் இருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கும்போது மேலே போகும் அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டீர்கள்.